பாட் ரேட்டுக்குப் பெயர் தந்த விவசாயி மகன்



நம்ம லேபில் அர்டுயினோ போர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்ததும் முதல் வேலையாக என்ன செய்கிறோம்? பாட் ரேட் 9600 என்று போடுகிறோம். வைவாவில் கேட்டால், ஒரு நொடிக்கு எத்தனை சைகை போகிறது என்பதுதான் பாட் என்று ஒப்பித்து மார்க்கும் வாங்கிவிடுகிறோம். வோல்ட் என்பது வோல்டாவின் பெயர், ஓம் என்பது ஓமின் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். பாட் என்பதும் ஒரு மனிதரின் பெயர்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

டெர்மினல் திரையில் கர்சர் எப்படி இடம் மாறுகிறது என்று இந்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கர்சரின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால், அது என்னைப் பிரான்ஸ் நாட்டு வயல்காட்டில் வேலை செய்த ஓர் இளைஞரிடம் கொண்டுபோய் விட்டது. அவர்தான் எமீல் போடோ. அவர் பெயரின் முதல் பாதிதான் நம்ம வாயில் பாட் ஆகிவிட்டது. அவருடைய கதையைச் சொன்னாலே கர்சரின் கதையையும் சொன்னதாகிவிடும்.

வயலும் பள்ளிக்கூடமும்

ழான் மோரிஸ் எமீல் போடோ 1845-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள், பிரான்சில் ஓத் மார்ன் பகுதியில் உள்ள மஞ்ஞோ என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா விவசாயி. போடோ படித்தது ஊர் ஆரம்பப் பள்ளியில் மட்டுமே. அதற்கு மேல் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. பள்ளி முடிந்ததும் அப்பாவோடு நிலத்தில் இறங்கிவிட்டார்.

இதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்திவிட்டேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது; அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். பெரிய கண்டுபிடிப்பு எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தான் என்று ஊரில் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. போடோவின் வாழ்க்கை அந்தப் பேச்சுக்கு நல்ல பதில்.

1869-இல் அவர் பிரெஞ்சு அஞ்சல் தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார். அப்போது வயது 24-ஐ ஒட்டி இருக்கும். மோர்ஸ் தந்தியை அங்கேதான் கற்றார். பிறகு ஹியூஸ் என்பவர் செய்த, எழுத்தாகவே அச்சடிக்கும் தந்தி இயந்திரத்தில் நான்கு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. கொஞ்ச காலம் படையிலும் பணி செய்தார். 1872-இல் பாரிசுக்குத் திரும்பினார்.

சும்மா கிடந்த கம்பி

தந்தி ஆபிசில் உட்கார்ந்திருந்த போடோவின் கண்ணில் ஒரு விஷயம் பட்டது. ஊருக்கு ஊர் இழுத்த தந்திக் கம்பிக்கு ஏராளமான செலவு. ஆனால் அந்தக் கம்பி பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கிறது! ஓர் ஆபரேட்டர் ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு அடுத்த எழுத்தைத் தேடும் இடைவெளியில் கம்பியில் ஒன்றுமே ஓடுவதில்லை. அந்த இடைவெளியில் இன்னொருவருடைய எழுத்தை அனுப்பினால் என்ன?

மேயர் என்பவர் மோர்ஸ் எழுத்தை வைத்து இதை ஏற்கெனவே முயன்றிருந்தார். ஆனால் மோர்ஸ் எழுத்துகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. சிலது ஒரே புள்ளி, சிலது நான்கு கோடும் புள்ளியும். நேரத்தைச் சமமாகப் பங்கு பிரிக்க வேண்டும் என்றால் எல்லா எழுத்தும் ஒரே நீளமாக இருந்தாக வேண்டும். அதற்கு ஐந்து சைகை கொண்ட எழுத்து முறையை போடோ எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சைகையும் உண்டு அல்லது இல்லை, இரண்டில் ஒன்று. இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32. ஆக 32 விதமான சேர்க்கை கிடைக்கிறது. டிஜிட்டல் எலக்ட்ரானிக்சில் நாம் போடும் ட்ரூத் டேபிளேதான்!

ஐந்து சைகை யோசனை அவருக்கு முன்பே இருந்தது. பிரான்சிஸ் பேக்கன் ரகசிய எழுத்துக்காக அதைச் சொன்னார். காஸ், வேபர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிகளும் தந்தியில் பயன்படுத்தினார்கள். போடோவின் திறமை என்னவென்றால், ஹியூஸின் அச்சடிக்கும் முறை, மேயரின் நேரப் பங்கீடு, ஐந்து சைகை எழுத்து ஆகிய மூன்றையும் ஒரே இயந்திரத்தில் சேர்த்து ஓட வைத்ததுதான்.

துறை அவரை ஊக்கப்படுத்தியது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆராய்ச்சியெல்லாம் சொந்த நேரத்தில்! டியூட்டி முடிந்த பிறகுதான் அவர் தன் இயந்திரத்தைத் தொட முடிந்தது. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. வேலையில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே வந்த உடல்நலக் கேடு கடைசிவரை அவரை விடவில்லை. இத்தனைக்கும் நடுவே 1874 ஜூன் மாதம் காப்புரிமை பெற்றார். 1877 நவம்பரில் பாரிசுக்கும் போர்தோ நகருக்கும் இடையே இயந்திரம் சோதனைக்கு வந்தது. 1878-இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதன் பிறகு இத்தாலி, ஹாலந்து, இங்கிலாந்து என்று நாடு நாடாக அவருடைய இயந்திரம் பரவியது.

ஐந்து கட்டை, ஒரு சொடுக்கு

அந்த இயந்திரத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கீபோர்டில் மொத்தமே ஐந்து கட்டைகள், பியானோ கட்டை மாதிரி. வலது கைக்கு மூன்று, இடது கைக்கு இரண்டு. உயிரெழுத்துகளுக்கு வலது கையின் மூன்று கட்டைகளே போதும். மெய்யெழுத்து வேண்டும் என்றால் இடது கையும் சேர வேண்டும். உயிர், மெய் என்று பிரித்துப் படித்த நமக்கு இது எளிதாகவே புரியும்.

நடுவில் ஒரு தூரிகை வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். வட்டத்தை நான்கு ஆபரேட்டர்களுக்குப் பங்கு போட்டிருப்பார்கள். தூரிகை உங்கள் பங்கின் மேல் வரும்போது நீங்கள் அழுத்திய ஐந்து கட்டையின் நிலையும் கம்பியில் போகும். அடுத்து பக்கத்து ஆபரேட்டரின் முறை. அந்தப் பக்கம் இன்னொரு தூரிகை அதே வேகத்தில் சுற்றி, நான்கு பேருடைய தந்தியையும் பிரித்து எழுத்தாக அச்சடிக்கும். நாம் டைம் டிவிஷன் மல்டிபிளெக்சிங் என்று பரீட்சைக்குப் படிப்பது இதுதான்.

கட்டையை அழுத்தினால் அது அழுந்தியபடியே நிற்கும். தூரிகை கடந்து போனதும் ஒரு சொடுக்குச் சத்தத்தோடு மேலே வரும். அந்தச் சத்தம்தான் அடுத்த எழுத்தைப் போடு என்ற கட்டளை. யோசிக்க நேரம் கிடையாது. தும்மினாலும் தூரிகை நிற்காது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 சொல் என்று, சொடுக்குக்குச் சொடுக்கு விரல்கள் தாளம் தப்பாமல் ஓட வேண்டும். மனிதன் இயந்திரத்துக்காகக் காத்திருந்தான். இயந்திரம் மனிதனுக்காகக் காத்திருக்கவில்லை. இதை நண்பர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 32 சேர்க்கையில் எழுத்து, எண், குறி எல்லாவற்றையும் எப்படி அடக்குவது? அதற்கு ஒரே சேர்க்கைக்கு இரண்டு அர்த்தம் வைத்தார் போடோ. இனி வருவது எல்லாம் எழுத்து என்று சொல்ல ஒரு சேர்க்கை. இனி வருவது எல்லாம் எண் என்று சொல்ல ஒரு சேர்க்கை. இந்த இரண்டும் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக விழாது. இயந்திரத்துக்கு உத்தரவு மட்டும் போடும். அச்சாகும் எழுத்து போகிற அதே கம்பியில், அதே ஐந்து சைகையில், அச்சாகாத உத்தரவும் போகலாம் என்பது எவ்வளவு பெரிய யோசனை! கர்சர் என்ற மரத்தின் விதை இங்கேதான் விழுந்தது என்றால் மிகையாகாது.

இறுதி நாட்கள்

தொழிலில் உயர உயரச் சொந்த வாழ்க்கையில் அவருக்குச் சோதனை. 1890 ஜனவரியில் திருமணம் செய்துகொண்டார். வயது அப்போது 44. மூன்றே மாதத்தில், அந்த ஏப்ரலிலேயே மனைவி இறந்துவிட்டார். போடோ தன் இயந்திரத்தோடும் வேலையோடும் மீதிக் காலத்தைக் கழித்தார். பிரான்சின் லெஜியோன் தொனர் விருது வரிசையிலும் அவருக்குக் கௌரவம் கிடைத்தது. 1903 மார்ச் 28-ஆம் நாள் பாரிசுக்கு அருகே சோ என்ற ஊரில், 57-ஆம் வயதில் காலமானார்.

அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், 1920-களில், தந்தி வேகத்தின் அலகுக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை முடித்த ஒருவருடைய பெயரை இன்றைக்கு உலகம் முழுக்க என்ஜினியர்கள் உச்சரிக்கிறார்கள்.

தந்தியிலிருந்து திரைக்கு

போடோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் நியூசிலாந்துக்காரரான டொனால்ட் மரே. 1901 வாக்கில் அவர் ஐந்து கட்டையை எடுத்துவிட்டு, டைப்ரைட்டர் மாதிரிக் கீபோர்டைக் கொடுத்தார். அடித்தது முதலில் காகித நாடாவில் ஓட்டையாக விழும். பிறகு நாடா தானாக ஓடித் தந்தியை அனுப்பும். ஆபரேட்டர் சொடுக்குக்கு அடிமையாக இருந்த காலம் முடிந்தது. அவரவர் வேகத்தில் அடிக்கலாம்.

மரே அச்சாகாத உத்தரவுகளில் இரண்டைப் புதிதாகச் சேர்த்தார். ஒன்று கேரேஜ் ரிட்டர்ன், இன்னொன்று லைன் ஃபீட். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போய் லோயர் எழுதிய நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கைப்பிடியைத் தள்ளினால் காகிதம் ஒரு வரி மேலே ஏறும், வண்டியும் வரியின் தொடக்கத்துக்குப் போகும். அந்த இரண்டு வேலையையும் தனித்தனி உத்தரவாகப் பிரித்தார்கள். 1963-இல் வந்த ஆஸ்கியில் இவை 13, 10 என்று எண் பெற்றன. விண்டோசில் எழுதிய டெக்ஸ்ட் ஃபைலில் வரி முடிவில் இரண்டும் இருக்கும், லினக்சில் 10 மட்டும் இருக்கும். சி புரோகிராமில் 13-ஐ மட்டும் அனுப்பிப் பாருங்கள். அதே வரியின் தொடக்கத்துக்குக் கர்சர் திரும்பி வரும். சதவீதம் ஒரே இடத்தில் ஏறுகிற மாதிரி காட்டுவது இப்படித்தான்.

காகிதம் போய்க் கண்ணாடித் திரை வந்தபோது புதுச் சிக்கல் வந்தது. காகிதத்தில் மேலே போக முடியாது. திரையில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அதற்கு 13-உம் 10-உம் போதாது. ஆகவே 27 என்ற எஸ்கேப்பைப் பிடித்தார்கள். எஸ்கேப் வந்தால், அடுத்து வருவதை அச்சிடாதே, உத்தரவாக எடுத்துக்கொள் என்று பொருள். போடோவின் பழைய யோசனைதான், சட்டை மட்டும் புதுசு! டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனி 1978-இல் கொண்டுவந்த விடி-100 டெர்மினலில் எஸ்கேப், சதுர அடைப்பு, 12, அரைப்புள்ளி, 40, பெரிய எச் என்று அனுப்பினால், கர்சர் 12-ஆம் வரியில் 40-ஆம் கட்டத்தில் போய் நிற்கும். இன்றைய லினக்ஸ் டெர்மினலும் அதே உத்தரவுக்குக் கட்டுப்படுகிறது. ஒரு எச்சரிக்கை: இதில் வரி முதலில், கட்டம் பிறகு. டர்போ சி-யில் உள்ள கோ-டு-எக்ஸ்-ஒய் நேர்மாறு. அதில் கட்டம் முதலில், வரி பிறகு. இரண்டிலும் இடது மேல் மூலை 1, 1 தான், பூஜ்யம் இல்லை.

கர்சரை நகர்த்துவதால் என்ன லாபம்? போடோவின் பெயரை வைத்தே கணக்குப் போடலாம். திரையில் 24 வரி, வரிக்கு 80 கட்டம். மொத்தம் 1920 எழுத்து. 9600 பாட் வேகத்தில், ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து எழுத்துக்கு 10 பிட் என்றால் நொடிக்கு 960 எழுத்து. முழுத் திரையையும் திரும்ப எழுத இரண்டு நொடி. 300 பாட் என்றால் ஒரு நிமிடத்துக்கும் மேலே, 64 நொடி! ஆனால் நான் சொன்ன கர்சர் உத்தரவு மொத்தம் 8 எழுத்துதான். மாறின இடத்துக்குக் கர்சரை அனுப்பி, அந்த எழுத்தை மட்டும் மாற்றினால் கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது. வி-ஐ எடிட்டரை எழுதிய பில் ஜாய் 300 பாட் மோடத்தில்தான் வேலை செய்தார். அவர் ஏன் ஒவ்வோர் எழுத்தையும் மிச்சம் பிடித்தார் என்பது இப்போது புரிகிறதல்லவா? கம்பியைச் சும்மா விடக்கூடாது, வீணாகவும் நிரப்பக்கூடாது என்பது போடோ தொடங்கிவைத்த சிக்கனம்.

கட்டத்துக்குள் ஒரு மனிதர்

கர்சர் என்றால் எழுதும் இடம் மட்டும் இல்லை, நிரப்பும் இடமும்கூட. 1971-இல் ஐபிஎம் கொண்டுவந்த 3270 டெர்மினலில் திரையையே ஒரு விண்ணப்பப் படிவம் போலப் பிரித்தார்கள். சில இடம் பூட்டியது, அதில் தட்ட முடியாது. சில இடம் திறந்தது, அங்கேதான் கர்சர் நிற்கும். எண் மட்டும் ஏற்கும் கட்டமும் உண்டு. கட்டம் நிரம்பியதும் கர்சர் தானாக அடுத்த திறந்த கட்டத்துக்குத் தாவும்படியும் அமைக்கலாம். வேகமாகத் தட்டுகிறவருக்கு அது வசதிதான்.

ஆனால் அந்தத் தாவலின் விலையை எங்கள் வீடு கொடுத்தது. எங்க அப்பா பேர் கொஞ்சம் நீளம். ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அக்கா காகிதத்தைப் பார்த்தபடியே வேகமாகத் தட்டினார். டைப் அடிக்கிறவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, அதுதான் அவர்கள் பழக்கம். பேர் முடியுமுன் கட்டம் நிரம்பிவிட்டது. கர்சர் சத்தமில்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. அப்பா பேரின் கடைசி மூன்று எழுத்து எங்க ஊர்ப் பேருக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது! அதைத் திருத்த அப்பா மூன்று நாள் நடந்தார். மூன்று நாள் கூலி போச்சு. அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கட்டத்தை எழுதிய புரோகிராமர், இப்படியும் ஒரு நீளப் பேர்க்காரர் வருவார் என்று நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவோடு அந்த வரிசையில் நின்றபோது எனக்கு போடோவின் இயந்திரம் தெரியாது. இப்போது தெரிகிறது. தானாகத் தாவும் கர்சர் அந்தப் பழைய சொடுக்கின் வாரிசு. உன் நேரம் முடிந்தது, நான் போகிறேன் என்று மனிதனை விரட்டுகிறது. ஒரே இடத்தில் நின்று மின்னும் கர்சரோ, நீங்கள் தட்டுங்கள், நான் காத்திருக்கிறேன் என்று சொல்கிறது. இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்வது புரோகிராம் எழுதும் நாம்தான்.

ஆகவே நண்பர்களே, ப்ராஜெக்டுக்கு எத்தனையோ பேர் பில் போடும் திரையும் மாணவர் சேர்க்கைத் திரையும் எழுதப் போகிறோம். சில விஷயங்களைக் கவனிப்போம். கட்டம் நிரம்பினால் கர்சர் தாவ வேண்டாம். அங்கேயே நின்று ஒரு பீப் கொடுக்கட்டும், அடுத்த கட்டத்துக்கு அவரே டாப் அழுத்திப் போகட்டும். பேக்ஸ்பேஸ் கட்டத்தின் முதல் இடத்தைத் தாண்டிப் பின்னால் போய்ப் பக்கத்தில் அச்சிட்ட தலைப்பை அழிக்கக்கூடாது. ஒரு தகவல் தவறு என்றால் முழுப் படிவத்தையும் துடைத்துவிடாமல், தவறான கட்டத்தில் மட்டும் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மற்றதெல்லாம் தட்டியபடியே இருக்கட்டும். பேர்க் கட்டத்தின் நீளத்தை நம்ம பேரை வைத்து அளக்காமல், ஊரிலேயே நீளமான பேரை வைத்து அளப்போம். பத்து வரி கோட் கூடும், அவ்வளவுதான். ஆனால் ஒருவருடைய மூன்று நாள் கூலி மிஞ்சும்.

எமீல் போடோ சும்மா கிடந்த கம்பிக்கு வேலை கொடுத்தார். கல்லூரி வாசலை மிதிக்காமல், ராத்திரி நேரத்தில், நோயோடு உழைத்துக் கொடுத்தார். அவர் காலத்தில் மனிதன் இயந்திரத்தின் தாளத்துக்கு ஓடத்தான் வேண்டியிருந்தது. வேறு வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. டிப்ளமோ படிப்பும் இருக்கிறது. அடுத்த முறை 9600 என்று தட்டும்போது அந்த விவசாயி மகனை ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நொடியில் 960 எழுத்து போய்விடும், பரவாயில்லை!

வாழ்க உழைப்பு! வளர்க நம் மாணவர் பேரவை!